ஒரே இணைய இணைப்பைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளல்

க.பொ.த. சாதாரண தரம் – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்
வலையமைப்பு, இணையம் ஆகிய அலகுகளுக்கான விளக்கக் கட்டுரை

இக்கட்டுரையைக் கற்ற பின்னர் நீங்கள்,
• அகலப்பட்டை இணைப்பு வீட்டை வந்தடையும் வழிகளை விவரிப்பீர்கள்.
• மோடம், வழிப்படுத்தி, ஆளி, அணுகற் புள்ளி ஆகியவற்றின் தொழில்களை வேறுபடுத்துவீர்கள்.
• ஒரு பொது முகவரியைப் பல கணினிகள் பயன்படுத்தும் முறையை விளக்குவீர்கள்.
• வேகம், மாத ஒதுக்கு என்பன தொடர்பான கணித்தல்களைச் செய்வீர்கள்.
• பகிரப்பட்ட இணைப்பைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, வன்னியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அவ்வீட்டில் ஓர் அகலப்பட்டை இணைப்பு மட்டுமே உண்டு. உயர்தரம் படிக்கும் அண்ணா, சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் நீங்கள், தரம் 8 இற் கற்கும் தங்கை ஆகிய மூவருக்கும் மாலை வேளையில் ஒரே நேரத்தில் இணையம் தேவைப்படுகின்றது. மூவருக்கும் மூன்று இணைப்புகளைப் பெறுவது பெரும்பாலான குடும்பங்களால் இயலாத காரியம். ஆகவே உள்ள ஒன்றைப் பகிர வேண்டும்.

2020 மார்ச்சில் கொவிட்-19 நோய் காரணமாக நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபோது இது வெறும் பாடநூல் விடயமாக இருக்கவில்லை. ஈ-தக்சலாவ இணையத்தளத்தின் மூலமும் நிகழ்நிலை வகுப்புகள் மூலமும் பாடங்கள் வீட்டுக்கு வந்தன. ஓர் இணைப்பும் பல பிள்ளைகளும் இருந்த வீடுகளில் யாருடைய பாடம் முதலில் என்பதே அன்றாடக் கேள்வியாயிற்று. பகிரத் தெரிந்தால், சிறிய இணைப்பும் மூவருக்குப் போதுமானதாகலாம். தெரியாவிட்டால், பெரிய இணைப்பும் ஒருவருக்கே போதாமற் போகலாம்.

ஓர் இணைப்பைப் பகிரும்போது உண்மையில் நான்கு விடயங்கள் பகிரப்படுகின்றன. அவை முகவரி, வேகம், மாத ஒதுக்கு, பொறுப்பு என்பனவாகும். இவற்றுள் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் குழம்புவதே பரீட்சையிற் புள்ளிகளை இழப்பதற்கும் வீட்டிலே சச்சரவு ஏற்படுவதற்கும் காரணமாகின்றது.

2. இணைப்பு வீட்டை வந்தடையும் வழிகள்

(அ) தொலைபேசிக் கம்பி வழி (ஏடிஎஸ்எல்)
தொலைபேசிக் கம்பியிற் குரல் 4 கிலோஹேர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வெண்களையே பயன்படுத்துகின்றது. ஏடிஎஸ்எல் முறையில் ஏறத்தாழ 26 கிலோஹேர்ட்ஸ் முதல் 1100 கிலோஹேர்ட்ஸ் வரையான அதிர்வெண்களில் தரவு செல்கின்றது. இவ்விரண்டையும் ஒரு பிரிப்பான் வேறாக்குவதால் ஒரே கம்பியில் உரையாடலும் இணையமும் ஒருங்கே நடைபெறுகின்றன. பழைய அழைப்பு முறை மோடத்தின் உச்ச வேகம் செக்கனுக்கு 56 கிலோபிற்று ஆகும். ஏடிஎஸ்எல் மூலம் செக்கனுக்கு 8 மெகாபிற்று வரையிலும், அதன் மேம்பட்ட பதிப்பில் 24 மெகாபிற்று வரையிலும் பதிவிறக்கலாம். பதிவேற்ற வேகம் இவற்றிலும் மிகக் குறைவு. தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்கு அப்பால் இம்முறை பயனற்றதாகிவிடும்.

(ஆ) ஒளியிழை வழி
கண்ணாடி இழையினூடாக ஒளித் துடிப்புகளாகத் தரவு செல்கின்றது. வேகம் மிகக் கூடியது. தூரத்தாலும் மின்காந்தக் குழப்பத்தாலும் பெரிதும் பாதிக்கப்படாதது.

(இ) கம்பியில்லா வழி
கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து வானொலி அலைகளாகத் தரவு வருகின்றது. இலங்கையில் 3ஜி சேவை 2006 இலும் கைத்தொலைபேசிகளுக்கான 4ஜி சேவை 2013 இலும் ஆரம்பமாயின. வயல்களுக்கும் காடுகளுக்கும் இடையே ஐதாகப் பரந்துள்ள வன்னிக் குடியிருப்புகளுக்குக் கம்பி இழுப்பது செலவு கூடியது. அத்தகைய ஊர்களுக்கு இவ்வழி பெரிதும் பொருந்துகின்றது.

கவனிக்க: தகரக் கூரை வானொலி அலைகளைத் தடுக்கும். எனவே 4ஜி வழிப்படுத்தியைக் கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய யன்னலருகே வைப்பது நன்று.

3. தேவையான சாதனங்கள்

மோடம்: வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைக் கணினிக்குரிய இலக்கமுறைத் தரவாகவும், கணினியின் தரவை வெளியே அனுப்பத்தக்க சமிக்ஞையாகவும் மாற்றுகின்றது.

வழிப்படுத்தி: பேச்சு வழக்கில் ‘ரவுட்டர்’ எனப்படுகின்றது. இரண்டு வெவ்வேறு வலையமைப்புகளை இணைத்து, ஒவ்வொரு தரவுப் பொதியும் எவ்வழியாற் செல்ல வேண்டும் எனத் தீர்மானிக்கின்றது. இங்கு ஒரு பக்கம் உங்கள் வீட்டு வலையமைப்பு, மறுபக்கம் இணையம்.

ஆளி: ஒரே இடத்துரி வலையமைப்பிலுள்ள கணினிகளை வடங்கள் மூலம் ஒன்றிணைக்கின்றது. வந்த தரவை உரிய கணினிக்கு மட்டும் அனுப்புகின்றது. பழைய குவியன் அப்படியல்ல. அது வந்த தரவை எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பும். இவ்வேறுபாடு பல்தேர்வு வினாக்களுக்கு ஏற்றது.

அணுகற் புள்ளி: வைஃபை மூலம் கம்பியின்றிக் கணினிகளையும் கைத்தொலைபேசிகளையும் வலையமைப்புடன் இணைக்கின்றது.

சேவை வழங்குநர் தரும் சிறிய பெட்டியில் இந்நான்கும் பெரும்பாலும் ஒன்றாகவே அடங்கியிருக்கும். ஆனால், பரீட்சையில் இந்நான்கும் நான்கு சாதனங்களே. ‘பெட்டி ஒன்றுதானே’ என்று எண்ணி மோடத்தின் தொழிலை வழிப்படுத்திக்கு எழுதிவிடாதீர்கள்.

ஆளியிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி வடம் செல்வதால் இங்கு அமைவது நட்சத்திர இடத்தியல் ஆகும். முறுக்கிய சோடி வடத்தின் உச்ச நீளம் 100 மீற்றர். அதன் முனையில் ஆர்ஜே-45 இணைப்பி பொருத்தப்படும்.

4. முகவரி பகிரப்படும் முறை

இணையத்தில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐபி முகவரி தேவை. ஐபி பதிப்பு 4 இல் முகவரி 32 பிற்றுகளாலானது. எனவே மொத்த முகவரிகள் 2 இன் 32 ஆம் அடுக்கு, அதாவது 4,294,967,296 ஆகும். 429 கோடி என்பது பெரிய எண் போலத் தோன்றினாலும் உலகின் கணினிகளுக்கும் கைத்தொலைபேசிகளுக்கும் அது போதவில்லை. இலங்கை அடங்கும் ஆசிய பசிபிக் பிராந்தியத்தில் புதிய முகவரிகளைத் தாராளமாக வழங்குவது 2011 ஏப்பிரலில் முடிவுக்கு வந்தது. 128 பிற்றுகளைக் கொண்ட ஐபி பதிப்பு 6 இதற்கான நிரந்தரத் தீர்வாகும். எனினும் அதற்கு முன்பே, 1994 இல் முன்மொழியப்பட்ட முகவரிப் பெயர்ப்பு என்னும் முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. இது ‘நாட்’ எனச் சுருக்கி அழைக்கப்படுகின்றது.

இம்முறையில் வீட்டினுள்ளே உள்ள கணினிகளுக்குத் தனியார் முகவரிகள் வழங்கப்படுகின்றன. தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட மூன்று வீச்சுகள் வருமாறு:

10.0.0.0 – 10.255.255.255
172.16.0.0 – 172.31.255.255
192.168.0.0 – 192.168.255.255

இம்முகவரிகளை எந்த வீட்டிலும் எந்தப் பாடசாலையிலும் பயன்படுத்தலாம். பரந்தனில் ஒரு வீட்டிலும் நெடுங்கேணியில் ஒரு வீட்டிலும் 192.168.1.2 என்ற முகவரி ஒரே நேரத்தில் இருக்கலாம், குழப்பம் ஏற்படாது. ஏனெனில் இம்முகவரிகள் வீட்டு வாசலைத் தாண்டி இணையத்தினுள் செல்வதில்லை. வெளியே தெரிவது சேவை வழங்குநர் தந்த ஒரே பொது முகவரி மட்டுமே.

அப்படியாயின் வெளியிலிருந்து வரும் விடை மூன்று கணினிகளுள் எதற்குரியது என்பது எவ்வாறு தெரியும்? பாடசாலை விடுதி ஒன்றை நினைத்துப் பாருங்கள். விடுதிக்கு ஒரே தபால் முகவரி. மாணவர்கள் எழுதும் கடிதங்களை விடுதிப் பொறுப்பாளர் சேகரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கத்தை இடுகின்றார். எந்த இலக்கம் எந்த மாணவருக்குரியது என்பதைத் தமது பதிவேட்டிலும் குறித்துக்கொள்கின்றார். பதில் அந்த இலக்கத்துடன் வந்ததும் பதிவேட்டைப் பார்த்து உரியவரிடம் ஒப்படைக்கின்றார். வழிப்படுத்தி செய்வதும் இதுவே. அந்த இலக்கமே துறை எண் எனப்படும். பதிவேடே பெயர்ப்பு அட்டவணை எனப்படும்.

உதாரணமாக, பொது முகவரி 203.0.113.25 எனக் கொள்வோம்.

உள்ளக முகவரியும் துறை எண்ணும் → வெளி முகவரியும் துறை எண்ணும்
அண்ணாவின் கணினி: 192.168.1.2, துறை 50001 → 203.0.113.25, துறை 40001
உங்கள் கணினி: 192.168.1.3, துறை 50001 → 203.0.113.25, துறை 40002
தங்கையின் கைத்தொலைபேசி: 192.168.1.4, துறை 52310 → 203.0.113.25, துறை 40003

முதல் இரு கணினிகளும் ஒரே துறை எண்ணைத் தெரிந்துகொண்டுள்ளன. வெளியே செல்லும்போது வழிப்படுத்தி அவற்றுக்கு வெவ்வேறு எண்களைத் தருவதால் பதில்கள் மாறிப்போவதில்லை.

தனியார் முகவரிகளை ஒவ்வொரு கணினியிலும் கையாற் பதிய வேண்டியதில்லை. ஒரு கணினி வலையமைப்பிற் சேரும்போது பயன்பாட்டிலில்லாத ஒரு முகவரியைத் தானாகவே வழங்கும் நெறிமுறை டிஎச்சிபி எனப்படும். வீட்டில் இச்சேவையையும் வழிப்படுத்தியே ஆற்றுகின்றது. வீட்டுக் கணினிகள் வெளியே செல்வதற்கான நுழைவாயிலும் வழிப்படுத்தியே ஆகும். அதன் உள்ளக முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும்.

5. வேகம் பகிரப்படும் முறை

முகவரியைப் பகிர்வதால் எவருக்கும் எதுவும் குறைவதில்லை. வேகம் அவ்வாறன்று, அது பங்கிடப்படும்.

இரணைமடுக் குளத்திலிருந்து இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் மூலம் வயல்களுக்கு நீர் செல்வதை அறிவீர்கள். வாய்க்காலின் அகலம் ஒரு செக்கனில் எவ்வளவு நீர் பாயலாம் என்பதைத் தீர்மானிக்கின்றது. குளத்து நீரின் அளவு போகம் முழுவதற்கும் எவ்வளவு நீர் உண்டு என்பதைத் தீர்மானிக்கின்றது. இணைய இணைப்பிற் பட்டை அகலம் வாய்க்காலின் அகலத்தை ஒத்தது. மாத ஒதுக்கு குளத்து நீரை ஒத்தது. அகன்ற வாய்க்கால் இருப்பதால் குளத்தில் நீர் கூடிவிடாது. மாறாக, விரைவில் வற்றிவிடும்.

பட்டை அகலம் செக்கனுக்கு எத்தனை பிற்று என அளக்கப்படும். கோப்பின் பருமன் பைற்றில் அளக்கப்படும். 1 பைற்று = 8 பிற்று. கணித்தலின்போது முதலில் அலகைச் சமப்படுத்த மறவாதீர்கள்.

உதாரணம் 1
செக்கனுக்கு 8 மெகாபிற்று வேகமுள்ள இணைப்பில் 60 மெகாபைற்றுக் கோப்பொன்று பதிவிறக்கப்படுகின்றது.
(அ) ஒருவர் மட்டும் பயன்படுத்தும்போது எடுக்கும் நேரம் யாது?
(ஆ) நால்வர் சமமாகப் பகிரும்போது எடுக்கும் நேரம் யாது?

விடை
கோப்பின் பருமன் = 60 × 8 = 480 மெகாபிற்று
(அ) நேரம் = 480 ÷ 8 = 60 செக்கன்
(ஆ) ஒருவருக்குரிய வேகம் = 8 ÷ 4 = 2 மெகாபிற்று; நேரம் = 480 ÷ 2 = 240 செக்கன் = 4 நிமிடம்

சமமாகப் பகிர்தல் என்பது கணித்தலுக்கான எடுகோள் மட்டுமே. உண்மையில், நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கணினி ஏறத்தாழ எதையும் பெறுவதில்லை. அந்நேரத்தில் முழு வேகமும் மற்றவர்களுக்குக் கிடைக்கும். காணொளியும் பெரிய பதிவிறக்கங்களும் இடைவிடாது நீரை இழுக்கும் வயல்கள் போன்றவை. வாய்க்காலின் தொடக்கத்திலுள்ளவர் மடையைத் திறந்தே வைத்திருந்தால் கடைசி வயலுக்கு நீர் வராது. ஒருவர் திரைப்படம் பார்க்கும் வீட்டில் இன்னொருவரின் நிகழ்நிலை வகுப்புத் தடைப்படுவது இதனாலேயே.

இங்கு மேலும் இரண்டு விடயங்களை அறிந்திருத்தல் நன்று.

முதலாவது, பாதையிற் குறுகிய பகுதியே வேகத்தைத் தீர்மானிக்கின்றது. வழிப்படுத்தியின் பெட்டியில் 300 மெகாபிற்று என அச்சிடப்பட்டிருப்பது வீட்டினுள் வைஃபையின் உச்ச வேகமாகும். வெளி இணைப்பு 8 மெகாபிற்றாயின் இணையம் 8 இற்கு மேல் வராது.

இரண்டாவது, பதிவேற்றமும் பதிவிறக்கத்தைத் தாமதப்படுத்தலாம். தரவு கிடைத்தது என்ற அத்தாட்சிகளை ஒவ்வொரு கணினியும் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருவர் பெரிய காணொளியைப் பதிவேற்றும்போது ஒடுக்கமான மேல்வழி நிரம்பி, ஏனையோரின் அத்தாட்சிகள் காத்திருக்க நேரும். பல வழிப்படுத்திகளில், முக்கியமான தரவுக்கு முன்னுரிமை வழங்கும் சேவைத் தரம் என்னும் வசதி இதற்காகவே உள்ளது.

6. மாத ஒதுக்கைப் பங்கிடுதல்

சிறுபோகம் தொடங்குமுன் குளத்து நீரின் அளவைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைப்பது எனக் கூட்டத்தில் முடிவெடுப்பர். இணையத்தின் மாத ஒதுக்குக்கும் இவ்வாறான ஒரு கணக்குத் தேவை.

உதாரணம் 2
செக்கனுக்கு 1.5 மெகாபிற்று தேவைப்படும் காணொளிப் பாடமொன்று 40 நிமிடம் நீடிக்கின்றது. மூவர் ஒவ்வொருவரும் மாதத்துக்கு 20 பாடங்களைப் பார்க்கின்றனர். மாத ஒதுக்கு 25 கிகாபைற்று ஆகும். அது போதுமா? (1 கிகாபைற்று = 1000 மெகாபைற்று எனக் கொள்க.)

விடை
ஒரு பாடம் = 1.5 × 60 × 40 = 3600 மெகாபிற்று = 450 மெகாபைற்று
ஒருவருக்கு மாதத்தில் = 450 × 20 = 9000 மெகாபைற்று = 9 கிகாபைற்று
மூவருக்கு = 27 கிகாபைற்று. எனவே போதாது.

அதே பாடத்தைக் குறைந்த தெளிவில், செக்கனுக்கு 0.5 மெகாபிற்று வேகத்திற் பார்த்தால் ஒரு பாடத்துக்கு 150 மெகாபைற்றே செலவாகும். மூவருக்கும் சேர்த்து 9 கிகாபைற்று போதும். கரும்பலகை எழுத்து வாசிக்கத்தக்கதாக இருந்தால் தெளிவைக் குறைப்பதாற் பாடத்துக்கு நட்டமில்லை. மீதமாகும் 16 கிகாபைற்று வேறு தேவைகளுக்கு உதவும். சில மாதத் திட்டங்களில் நள்ளிரவுக்குப் பின்னர் பயன்படுத்துவதற்கெனத் தனி ஒதுக்கு உண்டு. அவ்வாறாயின் பெரிய கோப்புகளை அந்நேரத்திற் பதிவிறக்க ஒழுங்கு செய்யலாம்.

ஒதுக்கை மீதப்படுத்தச் சிறந்த வழி வேறொன்றும் உண்டு. ஒரு முறை பதிவிறக்கியதை வீட்டு வலையமைப்பினூடாக மற்றக் கணினிகளுக்குக் கொடுத்தால் மாத ஒதுக்கில் எதுவும் குறையாது. ஏனெனில் அத்தரவு வாசலைத் தாண்டுவதில்லை.

உதாரணம் 3
பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்தில் 12 கணினிகள் உள்ளன. வெளி இணைப்பு செக்கனுக்கு 8 மெகாபிற்று. 120 மெகாபைற்றுக் கோப்பொன்று எல்லாக் கணினிகளுக்கும் தேவை.

ஒவ்வொரு கணினியும் தனித்தனியே பதிவிறக்கினால்:
மொத்தம் = 120 × 12 = 1440 மெகாபைற்று = 11520 மெகாபிற்று
நேரம் = 11520 ÷ 8 = 1440 செக்கன் = 24 நிமிடம்

ஒரு கணினி மட்டும் பதிவிறக்கினால்:
120 மெகாபைற்று = 960 மெகாபிற்று; நேரம் = 960 ÷ 8 = 120 செக்கன் = 2 நிமிடம்

பின்னர் செக்கனுக்கு 100 மெகாபிற்று வேகமுள்ள இடத்துரி வலையமைப்பினூடாக ஏனைய கணினிகளுக்குப் பிரதி செய்ய ஒவ்வொன்றுக்கும் 10 செக்கனுக்குக் குறைவான நேரமே எடுக்கும். முதல் முறையில் 40 நிமிடப் பாடவேளையின் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே கழிந்துவிடும். இரண்டாம் முறையில் 4 நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். மாத ஒதுக்கிலும் 1320 மெகாபைற்று மீதமாகும்.

பலரும் பார்க்கும் பக்கங்களைச் சேமித்து வைத்துத் திரும்பக் கொடுப்பது பதிலாள் சேவையகத்தின் ஒரு தொழிலாகும். இன்று பெரும்பாலான இணையத்தளங்கள் மறைகுறியாக்கத்துடன் வருவதால் இத்தொழில் முன்பு போற் பயன் தருவதில்லை. எனினும் தேவையற்ற தளங்களைத் தடுப்பதற்குப் பதிலாள் சேவையகம் இன்றும் உதவுகின்றது.

7. பகிர்வதற்கான மூன்று முறைகள்

முறை 1 – ஒரு கணினியை இடைநிலையாக வைத்தல்
இணைப்பு ஒரு கணினிக்கு மட்டும் வருகின்றது. அக்கணினி ஏனையவற்றுக்கு இணையத்தைக் கொடுக்கின்றது. விண்டோஸ் பணிசெயல் முறைமையில் இவ்வசதி 1999 இல் வெளியான விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு முதல் உள்ளது. வழிப்படுத்தி வாங்க வேண்டியதில்லை என்பது நன்மை. இடைநிலைக் கணினி எப்போதும் இயங்க வேண்டும், அது நின்றால் அனைவரின் இணைப்பும் நின்றுவிடும் என்பன தீமைகள்.

முறை 2 – வழிப்படுத்தி
எந்தக் கணினியும் மற்றொன்றிற் தங்கியிருப்பதில்லை. மின் நுகர்வு குறைவு. முகவரிப் பெயர்ப்பு, டிஎச்சிபி, தீச்சுவர் ஆகியன ஒரே இடத்தில் உள்ளன. வீட்டுக்கும் பாடசாலைக்கும் மிகப் பொருத்தமானது இதுவே.

முறை 3 – கைத்தொலைபேசியிலிருந்து பகிர்தல்
கைத்தொலைபேசியே மோடமாகவும் வழிப்படுத்தியாகவும் அணுகற் புள்ளியாகவும் தொழிற்படுகின்றது. எங்கும் எடுத்துச் செல்லலாம், மின்வெட்டின்போதும் உதவும். ஆனால் மின்கலம் விரைவில் தீரும். சில சாதனங்களையே இணைக்கலாம். தொலைபேசிக்குரியவர் வெளியே சென்றால் இணைப்பும் அவருடன் போய்விடும்.

8. ஊர் அளவிற் பகிர்தல்

பகிர்தல் வீட்டுடன் முடிவதில்லை. இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் 2005 முதல் நாட்டின் பல பாகங்களிலும் நெனசல என்னும் அறிவு நிலையங்களை அமைத்தது. நூலகம், வழிபாட்டிடம், சனசமூகக் கட்டடம் போன்ற ஓரிடத்துக்கு ஓர் இணைப்பு வரும். அதனை அங்குள்ள சில கணினிகள் பகிரும். அக்கணினிகளை ஊரார் பகிர்வர். இத்திட்டத்துக்கு 2014 இல் பில் மற்றும் மெலிந்தா கேற்ஸ் மன்றத்தின் கற்றலுக்கான அணுகல் விருதும் 10 இலட்சம் அமெரிக்க டொலரும் கிடைத்தன.

வன்னிக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டோரத்தில் அநுராதபுர மாவட்டத்தைச் சேர்ந்த மகாவிலச்சிய என்னும் விவசாயக் கிராமம் உள்ளது. அங்கு ஹொரைசன் லங்கா என்னும் கல்வி அமைப்பு 2006 இல் இன்னொரு படி மேலே சென்றது. நிலையத்துக்கு வந்த இணைப்பைக் கம்பியில்லா முறையிற் பிள்ளைகளின் வீடுகளுக்கே கொண்டுசென்றது. இங்கு அமைந்தது கண்ணி வலையமைப்பு. ஒவ்வொரு வீட்டிலுமுள்ள கருவி தனக்குரிய தரவைப் பெறுவதோடு, அடுத்த வீட்டின் தரவையும் கடத்திவிடுகின்றது. ஒரு கருவி பழுதடைந்தால் தரவு வேறொரு வீட்டின் வழியே செல்லலாம். கண்ணி இடத்தியலின் நன்மையைக் கேட்கும் வினாவுக்கு இக்கிராமத்தை உதாரணமாக எழுதலாம்.

9. பாதுகாப்பும் பொறுப்பும்

வெளியே தெரிவது ஒரே பொது முகவரி என்று பார்த்தோம். இதன் விளைவொன்றைச் சிந்தியுங்கள். உங்கள் வைஃபையைப் பயன்படுத்தி அயலவர் ஒருவர் சட்டவிரோதமான செயலொன்றைச் செய்தால், வெளியே பதிவாவது உங்கள் வீட்டு இணைப்பின் முகவரியே. முதலில் விசாரிக்கப்படுபவர் இணைப்பைத் தமது பெயரிற் பெற்ற உங்கள் அப்பாவோ அம்மாவோ ஆவார். இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் நடைமுறையில் உள்ளது. எனவே பின்வருவனவற்றைச் செய்தல் அவசியம்:

• வழிப்படுத்தி வரும்போது அதிலுள்ள நிருவாகக் கடவுச்சொல்லை உடனே மாற்றுதல்.
• வைஃபைக்கு நீண்ட கடவுச்சொல் இடுதல். டபிள்யூபிஏ-2 அல்லது டபிள்யூபிஏ-3 மறைகுறியாக்கத்தைத் தெரிவுசெய்தல். பழைய டபிள்யூஇபி முறை எளிதில் உடைக்கத்தக்கது.
• வீட்டுக்கு வருவோருக்கு விருந்தினர் வலையமைப்பை மட்டும் திறத்தல்.
• ஒவ்வொரு கணினியிலும் வைரசு எதிர்ப்பு மென்பொருளை இற்றைப்படுத்தி வைத்தல். ஒரு கணினிக்கு வரும் தீநிரல் வலையமைப்பினூடாக மற்றவற்றுக்கும் பரவலாம்.
• இடி மின்னல் வேளையில் வழிப்படுத்தியின் மின் வடத்தையும் தொலைபேசி வடத்தையும் கழற்றிவிடுதல். மார்ச், ஏப்பிரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது மிக அவசியம்.

10. இணைப்புத் தடைப்பட்டால்

முதலிற் கேட்க வேண்டிய கேள்வி: ஒரு கணினிக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா?

எல்லாக் கணினிகளுக்கும் இல்லையெனின் குறை பெரும்பாலும் மோடத்தில், வெளி இணைப்பில் அல்லது தீர்ந்துபோன மாத ஒதுக்கில் இருக்கும். ஒரு கணினிக்கு மட்டுமெனின் அதன் வடத்தையும் முகவரியையும் பாருங்கள். முகவரி 169.254 எனத் தொடங்கினால் அக்கணினிக்கு டிஎச்சிபி மூலம் முகவரி கிடைக்கவில்லை என்பது பொருள். முகவரி சரியாயின் பிங் கட்டளையால் வழிப்படுத்தியின் உள்ளக முகவரியைச் சோதியுங்கள். பதில் வந்தால் வீட்டினுள் உள்ள பாதை சரி. குறை அதற்கு அப்பால் உள்ளது.

11. ஞாபகத்திற் கொள்க

• முகவரியைப் பகிர்வதால் எவருக்கும் குறைவில்லை. வேகமும் மாத ஒதுக்கும் பங்கிடப்படும்.
• வழிப்படுத்தி வலையமைப்புகளை இணைக்கும். ஆளி ஒரே வலையமைப்பின் கணினிகளை இணைக்கும்.
• முகவரி வழங்குவது டிஎச்சிபி. முகவரி மாற்றுவது நாட்.
• கோப்பு பைற்றில், வேகம் பிற்றில்.

மாதிரி வினாக்கள்

1. பின்வருவனவற்றுள் தனியார் ஐபி முகவரி எது?
(1) 203.0.113.7 (2) 172.40.1.1 (3) 192.168.5.20 (4) 193.168.1.1

2. வலையமைப்பிற் சேரும் கணினிக்கு முகவரியைத் தானாக வழங்குவது
(1) நாட் (2) டிஎச்சிபி (3) தீச்சுவர் (4) பிரிப்பான்

3. செக்கனுக்கு 16 மெகாபிற்று வேகமுள்ள இணைப்பை நால்வர் சமமாகப் பகிர்கின்றனர். அவர்களுள் ஒருவர் 30 மெகாபைற்றுக் கோப்பைப் பதிவிறக்க எடுக்கும் நேரம்
(1) 7.5 செக்கன் (2) 15 செக்கன் (3) 30 செக்கன் (4) 60 செக்கன்

4. முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலை ஒன்றில் 10 கணினிகளும் ஒரு 4ஜி வழிப்படுத்தியும் உள்ளன. வழிப்படுத்தியில் 4 வடத் துறைகளே உண்டு. வைஃபை வசதியுள்ள கணினிகள் இல்லை.
(அ) பத்துக் கணினிகளையும் இணைக்க மேலதிகமாகத் தேவைப்படும் சாதனம் யாது?
(ஆ) அங்கு அமையும் இடத்தியல் யாது?
(இ) ஒரே பொது முகவரியைப் பத்துக் கணினிகளும் பயன்படுத்தும் முறையைச் சுருக்கமாக விளக்குக.
(ஈ) மாத ஒதுக்கை மீதப்படுத்த இரண்டு வழிகளைத் தருக.

விடைகள்

1. (3). இரண்டாம் விடையைத் தெரிவுசெய்தோர் 172 இல் தொடங்கும் வீச்சு 172.31 உடன் முடிகின்றது என்பதைக் கவனிக்க.
2. (2)
3. (4). 16 ÷ 4 = 4; 30 × 8 = 240; 240 ÷ 4 = 60 செக்கன்.
4. (அ) ஆளி. (ஆ) நட்சத்திர இடத்தியல். வழிப்படுத்தியுடன் சேர்த்துப் பார்க்கையில் விரிவாக்கப்பட்ட நட்சத்திரம் எனவும் எழுதலாம். (இ) ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு தனியார் முகவரி உண்டு. தரவுப் பொதி வெளியே செல்லும்போது வழிப்படுத்தி அதன் தனியார் முகவரியைப் பொது முகவரியாக மாற்றி, துறை எண்ணைப் பெயர்ப்பு அட்டவணையிற் பதிகின்றது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கணினிக்கு அனுப்புகின்றது. (ஈ) ஒரு முறை பதிவிறக்கிய கோப்பை இடத்துரி வலையமைப்பினூடாகப் பகிர்தல். காணொளியின் தெளிவைக் குறைத்தல்.

வினா 4 (இ) போன்றவற்றுக்கு ‘வழிப்படுத்தி பகிர்ந்து கொடுக்கும்’ என்று மட்டும் எழுதினால் விளக்கம் போதாது. தனியார் முகவரி, பொது முகவரி, துறை எண், பெயர்ப்பு அட்டவணை என்னும் நான்கு சொற்களும் உங்கள் விடையில் இடம்பெறுகின்றனவா எனப் பார்த்த பின்னரே அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள்.